காலி வீதியில் ஊரும் விட்ஸும் அதன் கேம் ஷாஃப்ட்டும்

வெள்ளவத்தை நெரிசலில் ஊரும் அதே டொயோட்டா விட்ஸ் கார்தான் அதிவேகப் பாதையிலும் ஓடவேண்டும். எஞ்சினின் வால்வுகளைத் திறப்பது கேம் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டு. பழைய எஞ்சின்களில் வால்வு திறக்கும் நேரம் மாறாது. மெதுவான ஓட்டத்துக்குத் தோதாக இருந்தால் வேகத்துக்குச் சரிவராது.

டொயோட்டாவின் விவிடி-ஐ (VVT-i) என்ற, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு இதைச் சமாளிப்பது எஞ்சின் ஒயிலை வைத்து, அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். கேம் ஷாஃப்ட் முனையில் செயின் ஓடும் சக்கரத்துக்குள் சின்னச் சின்ன அறைகள். கம்ப்யூட்டர் சொல்ல, மின்சாரத்தில் இயங்கும் ஒரு சொலினாய்ட் வால்வு ஒயிலை அறையின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விடும். அந்த அழுத்தத்தில் கேம் ஷாஃப்ட் சில பாகை முன்பின்னாகத் திரும்பும். ஐட்லிங்கில், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு பிந்தித் திறக்கும். எரிந்த வாயு திரும்பி வராது, எஞ்சின் குலுங்காது. சுமை ஏறினால் முந்தித் திறக்கும்.

ஹோண்டாவின் விடெக் (1989) வேறு ரகம். வேகம் ஏறியதும், வால்வைத் தள்ளித் திறக்கும் மேடான கேமில் பெரியதுக்கே மாறிவிடும்.

எல்லாம் ஒயில் சுத்தமாக இருக்கும்வரைதான். பல எஞ்சின்களில் சொலினாய்ட்டுக்குப் போகும் வழியில் ஒரு குட்டி வலை இருக்கும். கசடு அதை அடைத்தால் இழுவை குறையும், செக் எஞ்சின் லைட்டும் எரியலாம். பஞ்சிகாவத்தைக்குப் பார்ட்ஸ் தேடி ஓடமுதல், அந்த வலையைக் கழற்றிக் கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள்.