குருமனையைக் காலி செய்யச் சொன்ன பிறகு

ஓர் ஆயரை, அதாவது சபைப் போதகரை, பணியிடை நீக்கம் செய்தால் அவர் கையை விட்டு என்னவெல்லாம் போகும் என்பது சபையில் பலருக்குத் தெரியாது. சம்பளம் பாதியாகிறது. சபை குடியிருக்கத் தந்த குருமனையைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. திருச்சபைப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கிடைத்த கட்டணச் சலுகை நின்றுபோகிறது. ஞாயிற்றுக்கிழமை எந்த ஆலயத்தில் போய் உட்காருவது என்பதுகூடக் கேள்வியாகிவிடுகிறது. வேலை, வீடு, படிப்பு, நட்பு, நல்லது கெட்டதுக்கு வந்து நிற்கிற சனம் எல்லாமே அவருக்கு ஒரே இடத்திலிருந்து வந்தவை. அந்த இடம் கைவிட்டால் அத்தனையும் ஒரே நாளில் போகும்.

சேலத்தில் எங்கள் ஆயருக்கு இது நடந்தது. நாங்கள் சிலர் அவரோடு நின்றோம். அண்மையில் வேறு மாவட்டத்திலிருந்து ஓர் ஆயரம்மா (ஆயரின் மனைவி) தொலைபேசியில் அழைத்துத் தங்கள் வீட்டிலும் இதே நிலைமை என்று அழுதார். அவரிடம் சொன்னவை இன்னும் சிலருக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். இதில் வரும் பையனை யாரும் தேடிப் போகக் கூடாது என்பதால் சபையின் பெயரையோ ஆட்களின் பெயரையோ எழுதவில்லை.

ஏப்ரல் 15 தமிழ்நாட்டில் திருநங்கையர் நாள். 2014இல் அதே தேதியில்தான் தம் பாலின அடையாளத்தைத் திருநர்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வாரத்து ஆராதனையில் எங்கள் ஆயர் வேதாகமத்தில் ஏசாயா 56ஆம் அதிகாரத்தை எடுத்துப் பிரசங்கித்தார். அண்ணகன் (ஆண்மை நீக்கப்பட்டவன்) தன்னைப் பட்டமரம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம், பிள்ளைகள் தரும் பெயரைவிட மேலான பெயரைத் தருவேன் என்று கர்த்தர் வாக்களிக்கும் பகுதி அது. கூடவே பிரித்திகா யாஷினியைப் பற்றியும் சொன்னார். சேலத்துத் திருநங்கை, காவல் உதவி ஆய்வாளர் பணிக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போராடி 2015இல் தீர்ப்புப் பெற்றவர், 2017இல் தருமபுரியில் பொறுப்பேற்றவர். “நம் ஊர்ப் பிள்ளைக்குக் காவல் நிலையத்தில் நாற்காலி கிடைத்துவிட்டது. நம் ஆலயத்தில் பெஞ்சில் ஓர் இடம் கிடைக்குமா?” என்று கேட்டார். ஆலயத்தில் இருமல் சத்தம்கூட இல்லை.

அதோடு போயிருந்தால் முணுமுணுப்போடு அடங்கியிருக்கும். சில வாரம் கழித்து ஒரு குடும்பம் தங்கள் மகனை அழைத்துக்கொண்டு குருமனைக்கு வந்தது. கல்லூரியில் படிக்கிற பையன். தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். உபவாச ஜெபம் வைத்து அந்த ஆவியை விரட்ட வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். “பையனிடம் விரட்ட வேண்டிய ஆவி எதுவும் இல்லை. வீட்டை விட்டு அவனை விரட்டிவிடாதீர்கள், அது போதும்” என்று ஆயர் சொன்னார். பெற்றோர் அழுதார்கள், ஆனால் பையனைத் தங்களோடு அழைத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். பெரியப்பா ஒருவர்தான் ஆறவில்லை. தலைமை அலுவலகத்துக்கு மனு போனது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. பணியிடை நீக்க உத்தரவும் அதோடு வந்தது.

நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறவள். எங்கள் முதல் கூட்டம் என் வீட்டு மாடியில் நடந்தது. வந்த எல்லோரும் ஆயரின் துணிச்சலைப் பற்றித்தான் பேசினார்கள். நான் ஒரு தாளை எடுத்து, அடுத்த மாதம் அந்த வீட்டுக்கு என்னென்ன செலவு வரும் என்று எழுதத் தொடங்கினேன். வாடகை முன்பணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஆயரின் தாயாருக்குச் சர்க்கரை நோய் மாத்திரை, பால், பெட்ரோல். எழுத எழுதத்தான் இன்னொன்று தெரிந்தது: குருமனையின் எரிவாயு இணைப்பே சபையின் பெயரில் இருந்தது. புது வீட்டுக்குப் போனால் அடுப்பு எரியாது.

குருமனையை ஒப்படைக்கிற நாளில் சபைக் குழுவிலிருந்து இரண்டு பேர் பதிவேட்டோடு வந்து பொருள்களைச் சரிபார்த்தார்கள். மின்விசிறி, மர பீரோ, சாப்பாட்டு மேசை, கட்டில் என்று ஒவ்வொன்றாகப் படிக்க, ஆயரம்மா ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். நாற்காலி ஒன்று குறைந்தது. அது ஆலயத்தின் பாடகர் குழு அறையில் இருப்பதாக அவர் சொல்லியும் நம்பாமல் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்த இரண்டு பேர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவர் இந்த ஆயர்தான். ஆயரின் புத்தகங்களை அட்டைப்பெட்டி கிடைக்காமல் ஜவ்வரிசிச் சாக்குகளில் கட்டினோம். பல மாதங்கள் வரை அவர் வேதாகமத்தைத் திறந்தால் மேசையில் வெள்ளையாக மாவு உதிரும்.

வீடு கிடைப்பது எளிதாக இல்லை. அஸ்தம்பட்டியில் வாடகை கட்டுப்படியாகவில்லை. வேறு இடங்களில் “என்ன வேலை?” என்ற கேள்விக்கு அவர் பொய் சொல்ல மறுத்தார். கடைசியில் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு வீடு அமைந்தது. வீட்டுக்காரர் நம் மதத்தவர் அல்லர். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, “தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், பரவாயில்லையா?” என்று மட்டும் கேட்டார். எரிவாயு இணைப்புக்கு வாடகை ஒப்பந்தத்தை முகவரிச் சான்றாக வைத்து அன்றே விண்ணப்பித்தோம். அது வரும்வரை எங்கள் வீட்டிலிருந்த கூடுதல் சிலிண்டர் அங்கே இருந்தது.

பண விஷயத்தில் சிலவற்றை உறுதியாக வைத்துக்கொண்டோம். சபைக் கணக்கின் பக்கமே போகவில்லை. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற நிபந்தனையோடு தனியாக ஒரு கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கினோம். மொத்தமாகக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர்களைவிட, மாதம் இருநூறு ரூபாய் தவறாமல் தருகிறவர்கள்தான் வேண்டும் என்று சொல்லிக் கேட்டோம். இப்படிப்பட்ட விசாரணைகள் மாதக்கணக்கில் இழுக்கும். ஆயரின் படத்தைப் போட்டு வாட்ஸ்அப்பில் உதவி கேட்கலாம் என்று ஒரு தம்பி ஆர்வத்தோடு சொன்னார். படம் பரவினால் கதை பரவும், கதை பரவினால் பையன் யாரென்று தேடுவார்கள் என்பதால் வேண்டாம் என்றோம். பணத்தை உறையில் வைத்துக் கையில் கொடுக்கவும் இல்லை. ஒவ்வொரு முறையும் அந்த அம்மா வாசலில் நின்று நன்றி சொல்ல வேண்டியிருக்கும். மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் வருவதைப் போலவே அவர் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்தது குறிப்பாணைக்குப் பதில். வழக்கறிஞர் ஒருவர் கட்டணம் வாங்காமல் உதவினார். உணர்ச்சிவசப்பட்டு நீண்ட கடிதம் எழுதக் கூடாது என்பதுதான் அவர் முதலில் சொன்னது. திருச்சபையின் சட்டவிதிகளின் நகலையும் புகார் மனுவின் நகலையும் எழுத்து மூலம் கேட்டு, பதில் தரக் கால அவகாசமும் கேட்க வைத்தார். கொடுத்த ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒப்புகை வாங்கினோம்.

நாட்டின் சட்டத்துக்கு எதிரான செயலை ஆதரித்தார் என்பது ஒரு குற்றச்சாட்டு. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயது வந்தவர்கள் மனமொத்துக் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமாகாது என்று தீர்ப்பளித்துவிட்டது. அதை அப்படியே எழுதினோம். பையனைத் திருத்த மறுத்தார் என்பது இன்னொன்று. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு, தன்பாலின ஈர்ப்புள்ளவர்களை மருத்துவ வழியில் மாற்ற முயல்வதைத் தடை செய்கிறது. ஜெபத்தைப் பற்றி அது நேரடியாகப் பேசவில்லை. மருத்துவருக்கே கூடாது என்று நீதிமன்றம் சொன்னதை ஓர் ஆயர் செய்ய மறுத்தது எப்படிக் குற்றமாகும் என்று கேட்டோம். தன்பாலினத் திருமணம் நடத்திவைக்க ஆயத்தமாக இருந்தார் என்று எழுதியிருந்தது வெறும் கற்பனை. அப்படிப்பட்ட திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. எங்கள் ஆயரிடம் யாரும் அப்படிக் கேட்கவும் இல்லை. உபதேசம் தொடர்பான கேள்விக்கு மட்டும் அவரே பதில் எழுதினார். அதில் நாங்கள் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

பையனின் பெயரை விசாரணையில் கேட்டார்கள். ஆயர் பணியில் கேட்டறிந்ததை வெளியிட இயலாது என்று ஒரே வரியில் பதில் போனது. அதற்காகத் தனியாக ஒரு குற்றச்சாட்டு சேர்த்தாலும் பரவாயில்லை என்று அவர் முன்பே எங்களிடம் சொல்லியிருந்தார்.

இந்தக் காலத்தில் எனக்கு மிகவும் வேதனை தந்தது எதிர்த்தவர்களின் பேச்சல்ல. மாலை இருட்டிய பிறகு கன்னங்குறிச்சி வீட்டுக்கு வந்து ஆயரின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களுக்காகத்தான் ஐயா ஜெபிக்கிறோம்” என்று கண்கலங்கிவிட்டு, சபைக் குழுவில் வாயே திறக்காதவர்கள். அவர்களுடைய ஜெபத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இருட்டிய பிறகு வருகிற ஆதரவு கோப்பில் ஏறாது. விசாரணைக் குழுவின் கையில் இருப்பது கோப்பு மட்டும்தான். அதனால்தான் சபையாரின் மனு ஒன்றை எழுதி, முழுப்பெயரும் முகவரியும் போட்டுக் கையெழுத்து வாங்கினோம். அம்மாப்பேட்டையில் தறி நெய்கிற பாட்டி ஒருவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டி மனு முழுவதையும் படித்தார். “இதிலே எல்லாம் எனக்கு விளங்கவில்லை அம்மா. ஆனால் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த இரவெல்லாம் ஆயர் ஐயா கூடவே உட்கார்ந்திருந்தார்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியிருக்கவில்லை.

எங்கள் ஆராதனைக்கு வருகிற திருநங்கை ஒருவரும் கையெழுத்துப் போட வந்தார். அவர் பெயர் கோப்பில் ஏறினால் தொல்லை வரும் என்று ஆயர் தடுத்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “எனக்காகப் பேசிவிட்டு என்னைப் பேசாதே என்றால் எப்படி ஐயா?” என்று கேட்டார். அவர் பெயரும் மனுவில் இருக்கிறது. யாருக்காக நிற்கிறோமோ அவர்களுக்கும் நிற்கக் கால் உண்டு. எங்கள் கூட்டங்களில் அதன்பிறகு அவர் தவறாமல் இருந்தார்.

விசாரணை வெளியூரில் நடந்தது. உள்ளே ஆயரை மட்டும்தான் விட்டார்கள். நாங்கள் பஸ் பிடித்துப் போய் வாசலில் இருந்தோம். வெளியே வந்தவுடன் அவரை எதுவும் கேட்காமல் முதலில் சாப்பிட வைத்தோம்.

முடிவுக்காகக் காத்திருந்த மாதங்கள் அவரை உலுக்கிவிட்டன. தூக்கம் இல்லை. பிரசங்கம் செய்தே பழகியவர், ஞாயிறு காலையில் எழுந்து உடுத்திக்கொண்டு போக இடமில்லாமல் உட்கார்ந்திருப்பார். மருத்துவரிடம் அழைத்துப் போனோம். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றில் மேலாளராக இருக்கும் சபையார் ஒருவர், தோட்டத்து வீட்டைத் திறந்துவிட்டார். காப்பிப் பழம் பறிக்கிற பருவம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் குடும்பத்தோடு போனார்கள். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளுக்கு நடுவே நடந்துவிட்டு வந்த பிறகுதான் அவர் பழையபடி பேசத் தொடங்கினார் என்று ஆயரம்மா சொன்னார். ஓய்வுக்கு இடம் தருவதையும் பண உதவிக்குச் சமமாக வைத்துப் பார்க்க வேண்டும்.

அங்கே ஒரு மாலை அவர் பெத் ஸ்ட்ரவுடைப் பற்றிச் சொன்னார். அமெரிக்க மெதடிஸ்ட் ஆயர். தான் ஒரு பெண்ணோடு வாழ்வதை வெளிப்படையாகச் சொன்னதற்காக 2004இல் குருத்துவம் பறிக்கப்பட்டவர். அவருடைய சபை அவரை வெளியே அனுப்பாமல், குருப்பட்டம் இல்லாத ஊழியராகத் தங்களோடே வைத்துக்கொண்டது. 2024இல் அந்தத் திருச்சபை தன் பழைய தடையை நீக்கிய பின் குருத்துவம் திரும்பக் கிடைத்தது. “இருபது வருடம்” என்றார் ஆயரம்மா. அந்தச் சபை என்ன செய்தது என்பதைத்தான் நான் மனதில் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் உத்தரவும் வந்தது. பணியிடை நீக்கம் ரத்து. எழுத்து மூலம் எச்சரிக்கை. தொலைவில் ஒரு சிறு சபைக்கு இடமாற்றம். நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று எங்களில் சிலர் கொதித்தார்கள். எனக்கும் அந்த எண்ணம்தான். வாழப்போகிறவர்கள் அவர்கள் என்பதால் முடிவை அவர்களிடமே விட்டோம். எச்சரிக்கையை ஏற்கவில்லை என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் புதிய சபைக்குப் போய்ச் சேர்ந்தார். பையன் வீட்டில் இருந்தபடியே படிப்பை முடித்துவிட்டான்.

நிறுத்திவைத்த பாதிச் சம்பளம் இன்னும் வரவில்லை. அதற்கான மேல்முறையீட்டை வழக்கறிஞர் தயார் செய்துகொண்டிருக்கிறார். கூட்டுக் கணக்கை மூடவில்லை. இந்த மாதத் தொகையில் ஒரு பகுதி, எனக்குத் தொலைபேசியில் அழைத்த அந்த ஆயரம்மாவின் வீட்டு முன்பணத்துக்குப் போகிறது.