அப்பப்பாவின் பிரஷ் முழுகின கதை

அலுமாரிக்கு மேல் கிடந்த பிஸ்கட் டின்னுக்குள்ளிருந்து அப்பப்பாவின் சவர பிரஷ் அகப்பட்டது. மயிர் எல்லாம் பழைய சவர்க்காரம் காய்ந்து, கருவாட்டு வால் மாதிரி விறைத்து நின்றது. அப்பப்பா திருகோணமலை டொக்யாட்டில் வேலை செய்தவர். 1957இல் வெள்ளைக்காரக் கடற்படை கப்பலேறும்போது ஒரு துரை அன்பளிப்பாகக் கொடுத்த பிரஷ் இது என்பது எங்கள் வீட்டுப் புராணம். அம்மா இதை இன்றைக்கும் வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் சொல்வார்.

துரையுடையது என்றால் பட்ஜர் என்கிற காட்டு மிருகத்தின் மயிராகத்தான் இருக்கும், விலையும் கூட என்று எனக்கு ஒரு நினைப்பு. ஒரு மயிரைப் பிடுங்கி நெருப்புக் குச்சியில் காட்டினேன். நைலோன் என்றால் உருகி உருண்டையாகிவிடும். இது பொசுங்கியது.

"என்னப்பா, ஆரிட தலைமயிர் எரியுது?" குசினியிலிருந்து மனைவி.

சரி, நைலோன் இல்லை. அழுக்கைக் கரைக்கலாம் என்று கேத்தில் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனால் ஏழு கிணற்றிலும் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒரு வாளி ஊற்றுகிற ஆள் நான். அன்றைக்கு அந்தப் புத்தி எங்கே போனதோ! பிரஷுக்கும் அந்த ஊற்றுச் சூடுதான் அளவாம். ஐந்து நிமிடத்தில் பசை இளகி, மயிர்க்குஞ்சம் ஆட்டம் கண்ட பல் மாதிரி கையோடு வந்துவிட்டது.

வந்ததே வந்தது, நன்றாகவே கழுவலாம் என்று இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி விட்டு ஊற வைத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் லேசில் நுரைக்காது. தண்ணீரில் உள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகி அடிமயிரில் குந்திவிடும். அதைக் கழற்ற வினாகிரிதான் சரி. பத்து நிமிடத்தில் கோப்பை கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கியது.

"அச்சாறு போடுறீங்களா? அது என்ட ரசக் கோப்பை!"

கசடு போனபிறகுதான் மயிரின் உண்மை நிறம் தெரிந்தது. பட்ஜர் மயிர் என்றால் நடுவில் கறுப்புப் பட்டை ஓடும். இதில் பட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. வெளிறிய மயிர், நுனி எல்லாம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பன்றி மயிர். பிரஷுக்கு நல்ல சாமான்தான், ஊற ஊற மெத்தென்று வரும். ஆனால் துரை கொடுத்தது பன்றி மயிர் என்று அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? ரசக் கோப்பையை மூன்று தரம் கழுவி, சத்தமில்லாமல் வைத்தேன்.

இரண்டு டியூப் பசையைக் கலந்து குஞ்சத்தை ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். பிறகு இன்னொரு தரம் அலசி, மயிர் கீழே பார்க்க ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். காலையில் எழும்பிப் பார்த்தால் கம்பியில் பிரஷ் இல்லை.

வெள்ளிக்கிழமை. அம்மா தலை முழுகிவிட்டு சாமி அறையில் நின்றார். கையில் பிரஷ். பிள்ளையார் படத்தின் சட்டத்தில் இண்டு இடுக்கெல்லாம் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு மெத்தெண்டு இருக்கு பார் தம்பி. உன்ட தாடிக்கு இதென்னத்துக்கு? இனி இது சாமிக்குத்தான்."

நான் பல் விளக்கப் போனேன்.