பச்சைச் சளி

சுருட்டை விட்டு ஆறு வருடமாகியும் முட்டும் சளியும் ஏன் விடுவதில்லை என்று அந்த ஐயா கேட்டபோது நான் சொன்ன பதில், மருத்துவப்படி பிழையானதன்று. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், புகை நின்ற பின்னும் சுவாசக் குழாய்களின் அழற்சி முழுதாக அடங்குவதில்லை; இன்டர்லியூக்கின் 8 போன்ற இரசாயன அழைப்புகளைத் தொடர்ந்து, நடுநிலைநாடிகள் என்னும் வெண்குருதிக் கலங்கள் இரத்தத்திலிருந்து வந்தவண்ணமே இருக்கின்றன. இதை எளிமையாக்க எண்ணி, "உங்களைக் காக்க வந்த படை ஐயா, சண்டை முடிஞ்சும் திரும்பிப் போகேல்லை, இப்ப வீட்டைத்தான் உடைக்குது" என்றேன்.

எந்தப் படை என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மகள் மட்டும் கிளினிக் கொப்பியை மூடினார்.

"போகச் சொல்லி மருந்து இல்லையோ டொக்டர்?" என்றார் ஐயா.

அவை இல்லாவிட்டால் கிருமிகள் விட்டுவைக்கமாட்டா என்றேன்.

"அப்ப இருந்திட்டுப் போகட்டும்."

வெண்குருதிக் கலங்களைப் போர்வீரர் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேட்ட உவமைதான். வன்னியில் வளர்ந்த எனக்கு, அதை வன்னியில் சொல்லும் வரை அதன் கனம் தெரியவில்லை. அவர் சற்று நேரம் பேசாதிருந்தது மூச்சு வாங்கியதால் மட்டுமாகவும் இருக்கலாம். நடந்து வந்த களைப்பை நான்தான் வேறாக வாசித்தேனோ என்னவோ.

உவமையும் முழுக்கச் சரியில்லை. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், இந்நோயாளரின் இரத்தத்திலிருந்து எடுத்த நடுநிலைநாடிகள் ஆரோக்கியமானவர்களுடையவற்றை விட வேகமாக நகர்ந்தன, ஆனால் அழைப்பு வந்த திசையை நோக்கிச் செம்மையாகச் செல்லவில்லை. அவை வெளிவிடும் எலாஸ்டேசு நொதியம் நுரையீரலின் மீள்தன்மை நார்களை அரிக்கக்கூடியது என்பதால், சுற்றித் திரிய நேர்ந்தால் சேதமும் கூடும் என்று கருத இடமுண்டு. கட்டளைக்குப் பணியும் படையன்று அது. வழி தவறிய கூட்டம். ஆகவே இன்னொருவருக்குப் படையை விட்டு, குளத்துக்குப் போகும் வழியில் வயலெல்லாம் மிதிக்கும் யானையைச் சொன்னேன். அவருக்கு உடனே விளங்கியது. யானை வெடி இருக்கிறதா என்று கேட்டார்.

இவ்வளவு விளக்கிய அன்று, ஐயா மூச்சுக்கு மருந்து இழுக்கும் பம்பை எப்படிப் பாவிக்கிறார் என்று பார்க்க மறந்துவிட்டேன் என்பதுதான் உண்மையான குற்றம் என்று சில நாட்களில் தோன்றுகிறது. அடுத்த முறை இழுத்துக் காட்டச் சொன்னேன். மருந்து பாதிக்கு மேல் நாக்கில்தான் பட்டது. அதைத் திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

சளி பச்சையாக இருப்பதற்கும் இக்கலங்களிலுள்ள மயெலோபெரொக்சிடேசு என்ற பச்சை நிற நொதியமே காரணம். சென்ற கிளினிக்கில் நிறத்தைக் கேட்டேன்.

"பச்சைதான் டொக்டர்," என்றார். "அவை இன்னும் நிக்கினம் போல."

மகள் சிரித்தார். நான் அன்டிபயோடிக் எழுதினேன்.