எலுமிச்சை பிழிந்தபோது எரிந்த விரல்கள்

2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் பையில் ஏறிய சானிடைசர் புட்டி, தொற்று அடங்கிய பின்னும் இறங்கவில்லை. பேருந்துக் கம்பியைத் தொட்டாலும் சில்லறை வாங்கினாலும் கை தானாகவே அதைத் தேடியது. ஒருநாள் ரசத்துக்கு எலுமிச்சை பிழிந்தபோது சுரீரென்று எரிந்த பிறகுதான், விரல் மூட்டுகளில் தோல் மெல்லிய கோடுகளாக வெடித்திருப்பதைக் கவனித்தேன். கிருமியை அழிக்கும் ஆல்கஹால் தோலின் எண்ணெய்ப் பசையையும் கரைத்துவிடுவதால்தான், உலக சுகாதார நிறுவனத்தின் தயாரிப்பு முறையில் தோலின் ஈரத்தைக் காக்கும் கிளிசரால் (கிளிசரின்) 1.45 சதவீதம் சேர்க்கப்படுகிறது. (என்னுடைய மலிவான புட்டியில் அது இருந்ததா என்பது வேறு கதை.) இப்போது வீட்டில் வெந்நீரைத் தவிர்த்து, பச்சைத் தண்ணீரிலும் மென்மையான சோப்பிலும் 20 விநாடிகள் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காயுமுன் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறேன். சானிடைசர், தண்ணீர் கிடைக்காத பயணங்களில் மட்டும்.