நகர நெரிசலில் ஏ.எம்.டி. கார்

2014-இல் மாருதி செலெரியோவுடன் நம் சாலைக்கு வந்த ஏ.எம்.டி. (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்) என்ற தானியங்கி கியர் அமைப்பின் உள்ளே இருப்பது வழக்கமான மேனுவல் கியரும் கிளட்சும்தான். அவற்றை மாற்றும் வேலையை மட்டும் நமக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. ஆகவே கத்திப்பாரா மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் சிக்கும்போது, பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டி பின்னோக்கி நழுவாமல் பார்த்துக்கொள்வது கிளட்சைத் தேய்த்துவிடும். கருகல் வாடை வந்தபின் வருந்திப் பயனில்லை. முன்வண்டி இரண்டு கார் நீளமாவது நகரும்வரை பிரேக்கில் நின்று, பிறகு ஒரே மூச்சில் ஏறுவதே நல்லது.

சமதளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டி ஊர்ந்தால், வண்டியே கியர் மாற்றிக்கொள்ளும் ‘டி’யில் சில வண்டிகள் இரண்டாவது கியருக்கும் மூன்றாவதற்கும் இடையே தடுமாறி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் நம் தலையை ஆட்டிவைக்கும். அப்போது லீவரை, கியரை நாமே தேர்ந்தெடுக்கும் ‘எம்’ பக்கம் தள்ளி, இரண்டிலேயே வைத்துக்கொள்கிறேன். பெட்ரோல் சற்றுக் கூடுதலாகச் செலவாகலாம். பின்னால் அமர்ந்திருக்கும் அம்மாவின் முணுமுணுப்பு நின்றுவிடுகிறது.