பேட் பிடிக்கிற கையில்தான் பாதிப் பயிற்சி

குத்துச்சண்டை கற்கப் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரை ஜோடி சேர்த்து, ‘ஒருத்தர் பேட் பிடிங்க, ஒருத்தர் குத்துங்க’ என்று விட்டுவிட்டால், சீக்கிரமே யாராவது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். குத்தியவர்தான் என்றில்லை, பிடித்தவராகவும் இருக்கலாம்.

ஃபோகஸ் மிட் (கையில் மாட்டிக்கொண்டு குத்து வாங்கும் சிறிய பேட்) மாட்டியதும் பலர் கையை அகல விரித்துவிடுகிறார்கள், யாரையோ கட்டிப்பிடிக்கப் போவதுபோல. தன் முகத்தில் பட்டுவிடுமோ என்ற பயம். அப்படிப் பிடித்தால், குத்துகிறவர் தலையே இல்லாத இடத்தில் குத்தப் பழகிவிடுவார். இரண்டு மிட்டும் தாடை உயரத்தில், உங்கள் தோள் அகலத்துக்குள்ளேயே இருக்கட்டும். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். குத்து வந்து படும் கணத்தில் இரண்டு விரற்கடை முன்னால் தள்ளி அதை வாங்குங்கள். பின்னால் இழுத்தால் குத்தியவரின் முழங்கை காற்றில் முழுதாக நீண்டு வெட்டி இழுக்கும். வரும் குத்தை மிட்டால் எட்டி அறைந்தால் சத்தம் பிரமாதமாக வரும், வீடியோவுக்கு நல்லது. ஆனால் குத்துகிறவருக்குத் தூரக்கணக்கு குழம்பும், பிடிப்பவரின் தோளும் நாளடைவில் வலிக்கும்.

ஹூக்குக்கு, அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்துக்கு, மிட்டின் முகம் உட்பக்கமாகத் திரும்ப வேண்டும். நேராகவே வைத்திருந்தால் குத்து விளிம்பில் வழுக்கி, மணிக்கட்டோ கட்டைவிரலோ மடங்கும். கீழிருந்து மேலே வரும் அப்பர்கட்டுக்கு மிட் தரையைப் பார்க்கட்டும்.

உதையும் சேர்ந்த தாய்லாந்துக் குத்துச்சண்டையான முவாய் தாயின் பேட் வேறு சங்கதி. ரவுண்ட் கிக் (பக்கவாட்டில் சுழற்றி விடும் உதை) வரும் பக்கம் திரும்பி, இரண்டு பேடையும் ஒட்டி, முழங்கை விலாவை உரசப் பிடிக்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் உதைப்பவரின் முன்னங்கால் எலும்பு உங்கள் கையில் மோதும். உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்தால் பேடே திரும்பி வந்து முகத்தில் அறையும். உதை வாங்க உடம்போடு அணைத்துப் பிடிக்கும் பெரிய கிக் ஷீல்டும் அப்படித்தான்: நெஞ்சுக்கும் ஷீல்டுக்கும் நடுவே நாலு விரல் இடம் இருந்தால் ஒரே உதை இரண்டு முறை விழும், முதலில் ஷீல்டில், பிறகு ஷீல்டோடு உங்கள் மேல். ஒரு காலைப் பின்னால் வைத்து, கால் முட்டியைத் தளர்த்தி, பல்லைக் கடித்து மூச்சை விடுங்கள்.

கிளவுஸுக்குள் கையில் சுற்றும் துணியான கைப்பட்டை 4.5 மீட்டர் வாங்குங்கள். 2.5 மீட்டர் மலிவுதான், பெரியவர் கைக்கு மறுபடி மணிக்கட்டை எட்டுவதற்குள் தீர்ந்துபோகும். கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டிகள் மேல் மூன்று சுற்று, விரலிடுக்குகள், மீதியெல்லாம் மறுபடி மணிக்கட்டுக்கு. விரல்களை விரித்து வைத்துச் சுற்றினால் முஷ்டி மூடும்போது தானாக இறுகும். விரித்திருக்கும்போதே நுனி வெளுத்தால் அவிழ்த்துக் கட்டுங்கள்.

தொங்கும் குத்துப் பைக்கு ஒரு கிளவுஸ், ஸ்பாரிங்குக்கு (எதிராளியோடு மோதிப் பழகுவதற்கு) தனியாக 16 அவுன்ஸ் கிளவுஸ். பையில் அடித்த கிளவுஸில் பஞ்சு அமுங்கிக் கிடக்கும். மேலிருந்து அழுத்தும்போது உள்ளே விரல் முட்டி தட்டுப்பட்டால் அதை ஸ்பாரிங்குக்கு எடுக்காதீர்கள்.

தலைக்கவசம் புருவம் கிழியாமல் காக்கும், மூளை குலுங்குவதை நிறுத்தாது. 2016 ரியோ ஒலிம்பிக் குத்துச்சண்டையில் ஆண்கள் அது இல்லாமல்தான் மோதினார்கள். எதிராளி அதைப் போட்டிருக்கிறார் என்று வேகத்தைக் கூட்டாதீர்கள்.

முடிந்ததும் ஈர கிளவுஸைப் பையிலேயே வைத்து ஜிப் போட்டால் மறுநாள் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். வெயிலிலும் போட வேண்டாம், தோல் வெடிக்கும். பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, வாயை விரித்து ஃபேனடியில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்ற வேண்டும்.