வால் போன பல்லியும் 19 டிராஃப்ட்டும்

ஒரு பல்லிக்கு வால் அறுந்து விழுந்துடுது. கதை அவ்வளவுதாங்க. இத எழுதி, திருத்தி, புக்கா கையில வாங்குறதுக்குள்ள 2 வருஷம் 4 மாசம் ஓடிப்போச்சு, கம்ப்யூட்டர்ல கிடக்கிற டிராஃப்ட்ட எண்ணிப் பார்த்தா 19. குழந்தைங்க கதைதானே, ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா முடிஞ்சிடும்னு நினைச்சுத்தான் நானும் ஆரம்பிச்சேன், அதே நினைப்புல இன்னும் யாராவது இருந்தா அவங்களுக்காகத்தான் இத டைப் பண்றேன்.

ஆரம்பிச்சு வச்சது அக்கா பொண்ணு. அப்ப அவளுக்கு 5 வயசு. கதவிடுக்குல மாட்டின பல்லி வால விட்டுட்டு ஓடிடுச்சு, வால் மட்டும் தரையில கிடந்து துள்ளுது. பெரியவங்க எல்லாரும் ஐயோன்னு தள்ளிப் போனோம், அவ மட்டும் குனிஞ்சு பார்த்துட்டு "பல்லிதான் போயிடுச்சே, இது யாருக்கு டான்ஸ் ஆடிக் காட்டுது?"ன்னு கேட்டா. அன்னிக்கு ராத்திரியே எழுதிட்டேன், 1,800 வார்த்தை. பல்லி அழுவுது, மத்த பல்லிங்க கேலி பண்ணுது, ஒரு வயசான ஆந்தை வந்து இழந்ததை எண்ணி வருந்தாதே தன்னம்பிக்கை இருந்தால் எல்லாம் மீண்டும் வளரும்னு அரைப் பக்கத்துக்கு உபதேசம் பண்ணுது. எழுதி முடிச்சப்ப எனக்கே கண்ணு கலங்கிடுச்சுன்னா பாத்துக்கோங்க. ஃப்ரெண்ட்ஸ் நாலு பேருக்கு அனுப்பினேன், நாலு பேரும் சூப்பர்னாங்க. வளந்தவங்க சொல்ற சூப்பர வச்சு இந்த வேலையில ஒண்ணுமே பண்ண முடியாதுன்னு அப்ப எனக்குத் தெரியாது.

4 வயசுல இருந்து 7 வயசு வரைக்கும் ஒரு 7 பிள்ளைங்கள உக்கார வச்சு படிச்சுக் காட்டினேன். மூணாவது நிமிஷம் ஒருத்தன் டேபிளுக்கு அடியில போயிட்டான். ஆந்தை வாயத் திறந்ததும் ரெண்டு பேர் செருப்ப வச்சு கார் ஓட்ட ஆரம்பிச்சாச்சு. கடைசி வரைக்கும் அசையாம இருந்தது ஒரே ஒரு பொண்ணு, எனக்கு ஒரே சந்தோஷம், முடிச்சதும் அவ கேட்டா: "சரி, அந்த வால் என்னாச்சு?" புது வால் வந்துடுச்சும்மான்னேன். "அது இல்ல. கீழ விழுந்துச்சே, அது." என்கிட்ட பதில் இல்ல. 1,800 வார்த்தை எழுதியிருக்கேன், விழுந்த வால அங்கயே போட்டுட்டு வந்துட்டேன், அவ அத்தன நேரமும் அந்த வாலுக்காகத்தான் காத்துட்டு இருந்திருக்கா.

அதுக்கப்புறம் நானே படிச்சுக் காட்டுறத விட்டுட்டேன். எழுதினவன் படிச்சா குரலாலயே ஓட்டைய அடைச்சிடுவான். கதைய முன்னாடி பாக்காத ஒருத்தர்கிட்ட பேப்பரக் குடுத்து படிக்கச் சொல்லிட்டு, பின்னாடி உக்காந்து பென்சிலால குறிப்பேன்: எங்க நாக்கு தடுக்குது, எங்க பிள்ளைங்க சத்தம் அடங்குது, எங்க குறுக்க கேள்வி வருது. கேள்வி வர்ற இடம் நல்ல இடம். அமைதியா ஜன்னலப் பாக்குற இடம்தான் ஆபத்து.

நடுவுல 7வது டிராஃப்ட்ட, அவசரக்குடுக்க மாதிரி, அஞ்சு பதிப்பகத்துக்கு அனுப்பிட்டேன். அப்ப 900 வார்த்தை இருந்துச்சு, ஆந்தையும் உயிரோடதான் இருந்துச்சு. ரெண்டு இடத்துல இருந்து பதிலே இல்ல, ரெண்டு பேர் எங்க பட்டியலுக்குப் பொருந்தாதுன்னு ஒரு வரி. அஞ்சாவது இடத்துல ஒரு எடிட்டர் ரெண்டே கேள்வி எழுதியிருந்தாங்க. ஆந்தை பேசிட்டு இருக்கிற அந்த அரைப் பக்கமும் பல்லி என்ன செஞ்சுட்டு இருக்கு? படம் வரையிறவங்களுக்கு அங்க என்ன வேலை? ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டுத் திரிஞ்சேன், அப்புறம் ஆந்தைய அழிச்சேன். கதை ஒரு இடத்துலயும் ஆடல. அந்த ஆந்தை எனக்காகத்தான் இருந்திருக்கு.

அந்த எடிட்டர்தான் டம்மி, அதாவது கையால செய்யற மாதிரி புக், செய்யச் சொன்னாங்க. படக்கதை புக்னா பெரும்பாலும் 32 பக்கம், ஏன்னா ஒரு பெரிய ஷீட்ட மூணு தடவ மடிச்சா 16 பக்கம் வரும், அப்படி ரெண்டு. அதுல தலைப்புப் பக்கம், காப்பிரைட் பக்கமெல்லாம் போக 4-5ல ஆரம்பிச்சா 30-31 வரைக்கும் 14 விரிப்பு (புக்கத் திறந்தா எதிரெதிரா தெரியுற ரெண்டு பக்கம்), கடைசியா 32ம் பக்கம் ஒத்தையா நிக்கும். வெள்ளத் தாள மடிச்சு பின் அடிச்சு, கதையக் கத்தரிச்சு ஒட்டிப் பாத்தா அன்னிக்குத்தான் எனக்கு உறைக்குது, 4வது விரிப்புல இருந்து 7வது விரிப்பு வரைக்கும் என் பல்லி ஒரே சுவத்துல ஒரே இடத்துல உக்காந்து யோசிச்சுட்டு இருக்கு. நாலு விரிப்புக்கு ஒரே படத்த யார் வரைவா? கம்ப்யூட்டர்ல படிக்கிறப்ப இது கண்ணுக்கே தெரியல.

பக்கம் திருப்புறதுதான் இதுல பெரிய ஆயுதம். வலது பக்கக் கடைசியில கேள்விய வச்சா பதில் அடுத்த இடது பக்கத்துல, நடுவுல அந்தத் தாள் திரும்புற ஒரு நொடி இருக்கே, பிள்ளைங்க மூச்சப் பிடிச்சுட்டு இருக்கும். என் கதையில 7ம் பக்கம் "வால்..."னு நிக்கும், திருப்பினா 8ல "தொப்!" இதுக்கு முன்னாடி அதே இடத்துல "எதிர்பாராத விதமாக அதன் வால் அறுந்து கீழே விழுந்தது"ன்னு எழுதி வச்சிருந்தேன், தலையில அடிச்சுக்கலாம். தொப், விசுக், சரசர, துடிதுடின்னு நம்ம மொழியில இவ்வளவு கிடக்கு, நாம போயி எதிர்பாராத விதமாகன்னு எழுதிட்டு இருக்கோம்.

மொழி விஷயம் தனிக் கத. 5, 6 வயசுல எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு "ஓடிக்கொண்டிருந்தது" 10 எழுத்து. கடைசி எழுத்துக்கு வர்றதுக்குள்ள முதல் எழுத்து மறந்துடும். "ஓடியது" நாலே எழுத்து. "வாலில்லாமலேயே"ன்னு சேத்து எழுதினா திணறுது, "வால் இல்லாமல்"னு பிரிச்சா மூச்சு விட இடம் கிடைக்குது. புணர்ச்சி விதி தெரிஞ்சவங்க கோவப்படலாம், நானும் மொதல்ல எடிட்டர்கிட்ட சண்ட போட்டேன், ஆனா ஒரு பிள்ளை திக்கித் திக்கிப் படிக்கிறத பக்கத்துல இருந்து பாத்தா சண்ட போட மனசு வராது. அடுத்த சண்ட பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா. பல்லி "எங்கே போனாய் வாலே"ன்னு பேசினா நாடகம் மாதிரி இருக்கு, பேச்சுல எழுதினா யாரோட பேச்சுன்னு கேள்வி வருது. மூணு வாரம் இழுத்துச்சு. கடைசியில, கத சொல்றது எளிமையான எழுத்து நடை, பல்லி வாயில வர்றது எல்லாம் ரெண்டு நடையிலயும் ஒண்ணாவே இருக்கிற சொல்லு மட்டும். வா. போ. யார் நீ? என் வால்! இப்படித் தேடி எடுத்ததுல கதையே சுருங்கிடுச்சு, 500 இருந்தது 312 ஆச்சு. எல்லாருக்கும் சொல்ற வைத்தியம் இல்ல இது, எனக்கு வழிவிட்டுச்சு அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் ஒப்பந்தம். இதுல சுருக்கமா சொல்லிடறேன்: படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. மொழிபெயர்ப்பு உரிமை, ஈபுக், ஆடியோ எல்லாம் யார்கிட்ட, ஸ்டாக் தீந்து மறுபதிப்பு வரலேன்னா உரிமை எத்தன மாசத்துல உங்ககிட்ட திரும்பும், இது ரெண்டும் எழுத்துல இருக்கணும். படக்கதையில ராயல்டிய எழுத்தாளரும் ஓவியரும் பிரிச்சுக்கிறதுதான் பெரும்பாலும் வழக்கம், அதுல முகம் சுளிக்காதீங்க, பாதி கதைய சொல்றது அவங்க.

நான் அத லேட்டாத்தான் ஒத்துக்கிட்டேன். ஒவ்வொரு வரிக்குக் கீழயும் ஓவியருக்குக் குறிப்பு எழுதி வச்சிருந்தேன், பல்லி இடது பக்கம் பார்க்கிறது, முகத்தில் சோகம்னு. எடிட்டர் அத்தனையும் அழிச்சுட்டுத்தான் ஓவியருக்கு அனுப்பினாங்க, எனக்குச் சொல்லக்கூட இல்ல. கோவம்தான். பென்சில் ஸ்கெட்ச் வந்துச்சு. 8-9ம் பக்கத்துல தொப்புன்னு விழுந்த வால் கிட்ட, ஓரத்துல, ஒரே ஒரு எறும்பு. அடுத்த விரிப்புல ஆறு எறும்பு. அதுக்கு அடுத்ததுல வாலத் தூக்கியாச்சு. மேல சுவத்துல பல்லி வால் தேடி அலையுது, கீழ அதே பக்கத்துல எறும்புக்கூட்டம் அத ஊர்வலமா கொண்டு போயிட்டே இருக்கு, பல்லி ஒரு தடவகூட கீழ பாக்கல. நான் எறும்புன்னு ஒரு எழுத்து எழுதல. அந்தப் பொண்ணு கேட்டாளே "அந்த வால் என்னாச்சு"ன்னு, அதுக்கு எனக்கு வராத பதில், அந்தக் கேள்வியவே கேட்காத ஓவியர்கிட்ட இருந்து வந்துச்சு. படம் சொல்லிட்டத மறுபடி சொல்லிட்டு இருந்த மூணு வரிய அன்னிக்கே வெட்டினேன், வாலோட டான்ஸ மட்டும் அக்கா பொண்ணு சொன்ன மாதிரியே திரும்ப உள்ள கொண்டு வந்தேன். பெரியவங்க வரியப் படிச்சுட்டே போவாங்க, எறும்ப பாக்கவே மாட்டாங்க. பிள்ளைங்க எறும்பு வர்ற ரெண்டாவது விரிப்புலயே கண்டுபிடிச்சு கத்தும்.

ஊர்வன பத்தித் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட ஸ்கெட்ச்ச காமிச்சது நல்லதாப் போச்சு. புது வால் பழைய வால் மாதிரியே இருக்காதாம், உள்ள முதுகெலும்பு வராது, குருத்தெலும்புதான், நிறமும் வடிவமும் வேற மாதிரி இருக்கும்னு சொன்னார். கடைசிப் படத்த மாத்தி வரைஞ்சோம், கொஞ்சம் குட்டையா, கொஞ்சம் தடியா. கதைக்கு அதுதான் நல்லாவும் இருந்துச்சு.

சைஸ் பத்தி ஒரு விவாதம். ஓவியருக்குப் பெருசா வேணும், எனக்குச் சின்னதா வேணும். பீட்டர் ராபிட் முயல் கதை எழுதின பீட்ரிக்ஸ் பாட்டர், பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின தன்னோட முதல் கதைய 1901-ல சொந்தக் காசுல 250 பிரதி அச்சடிச்சப்ப, குட்டிக் கைக்கு அடங்குற சைஸ்தான் வேணும்னு நின்னாங்கன்னு நான் பெரிய வக்கீல் மாதிரி வாதாடினேன். தோத்துட்டேன். எறும்பு கண்ணுக்குத் தெரியணுமே, அதனால பெரிய சைஸ்.

லேஅவுட்ல வந்த கூத்து தமிழ்ல எழுதுற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். யூனிகோட்ல அனுப்பின வரி, பக்கம் அமைக்கிற சாஃப்ட்வேரான இன்டிசைன்ல போனதும் கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போயி உக்காந்துக்கிச்சு, தொப் எல்லாம் சிதறு தேங்காய். இந்திய மொழிக்கான கம்போஸர் செட்டிங்க மாத்தினதும் சரியாச்சு, ஆனா அதுக்குள்ள ஒருத்தர் பழைய ஃபான்ட்டுக்கு கன்வர்ட் பண்ணிட்டாரு, அதுல நாலஞ்சு ஒற்று காணாமப் போச்சு, திரும்ப முதல்ல இருந்து ப்ரூஃப். தலைப்புல "வாலை"ன்னு வரும், அழகா இருக்கேன்னு எடுத்த ஃபான்ட்ல 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின லை, தும்பிக்கை வச்சது. நாங்க யாரும் கவனிக்கல, அட்டையக் காட்டினப்ப ஒரு ரெண்டாங் கிளாஸ் பையன் "இது என்ன எழுத்து?"ன்னான். ஃபான்ட் மாறிச்சு.

கலர் ப்ரூஃப் வந்த அன்னிக்குத்தான் நெஞ்சடைச்சுது. ஸ்கிரீன்ல பளபளன்னு இருந்த பச்சை தாள்ல பாசி பிடிச்ச மாதிரி. ஸ்கிரீன் ஆர்ஜிபி, அதாவது சிவப்பு பச்சை நீல ஒளி, அச்சு சிஎம்ஒய்கே, அதாவது சயான் மெஜந்தா மஞ்சள் கறுப்புன்னு நாலு மை, அந்தப் பளிச் பச்சை நாலு மையில வரவே வராது, இத வரைய ஆரம்பிக்கும்போதே பாத்திருக்கணும். ஓவியர் மஞ்சளக் கூட்டி மறுபடி செஞ்சாங்க. இன்னொரு விரிப்புல பல்லியோட தலை சரியா நடு மடிப்புக்குள்ள விழுந்திருந்துச்சு, அத 2 சென்டிமீட்டர் தள்ளினோம். ஓரத்துல 3 மில்லிமீட்டர் ப்ளீட், அதாவது தாள வெட்டும்போது போறதுக்காக படத்த வெளிய நீட்டி விடுறது, எல்லாத்துலயும் இருக்கான்னு பாத்தோம். எழுத்து வெறும் கறுப்பு ஒத்தை மையில இருக்கணும், நாலு மையும் கலந்த கறுப்புல வச்சா அச்சு இம்மி நகந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும், நாளைக்கு வேற மொழியில போட்டாலும் அந்தக் கறுப்புத் தகட மட்டும் மாத்தினா போதும். புக்குக்கான அடையாள எண், ஐஎஸ்பிஎன்ன, பதிப்பகமே பாத்துக்கிச்சு, பேப்பர்பேக்குக்கு ஒண்ணு ஈபுக்குக்கு ஒண்ணு.

எழுத்துப்பிழை, ஒற்று, எறும்பு எண்ணிக்கை, நிறம், எல்லாம் பாத்து 6 பேர் கையெழுத்துப் போட்டு அச்சுக்குப் போச்சு.

புக் வந்த பிறகு முதல் வாசிப்பு. அக்கா பொண்ணு இப்ப 7 வயசு, அவளே படிக்கிறா, சுத்தி ஒரு பத்துப் பிள்ளைங்க. தொப்புக்கு எல்லாம் சேந்து கத்துச்சு, எறும்புக்கு ஒரே கூச்சல். 23ம் பக்கம் வந்ததும் படிக்கிறத நிறுத்திட்டா. விரல வச்சுக் காமிக்கிறா. பூந்தொட்டிக்குப் பின்னாடி பல்லி, தொட்டிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாக்குது வால். முழு வால், பழைய வால்.

அந்தப் படம் ஓவியர் எல்லாத்துக்கும் முன்னாடி சாம்பிளா வரைஞ்சது, ஸ்டைல் பிடிச்சிருக்கான்னு பாக்க. அப்புறம் அப்படியே உள்ள வந்துடுச்சு, தொட்டி மறைச்சதுல ஆறு பேர்ல ஒருத்தர் கண்ணுலயும் படல. ஓவியருக்கு ஃபோன் பண்ணேன், ஒரு நிமிஷம் சத்தமே இல்ல, அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். மாத்தின ஃபைல் ரெடியா இருக்கு, மறுபதிப்பு வந்தா 23ம் பக்கத்துல வால் இருக்காது. அக்கா பொண்ணு மட்டும் மாத்த வேண்டாம்ங்கிறா, அது வேற ஏதோ பல்லியாம்.